புறப்படுவதற்கு முன் பேசப்படுவது

பிரதமர் அயல்நாட்டு விஜயம் செய்யப் புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன்னதாக, புது டில்லி ஜன்பத் சாலையில் உள்ள ஜவஹர்லால் நேரு பவனத்தில் ஒரு சடங்கு பெரும்பாலும் தவறாமல் நடைபெறுகிறது. 2011-ஆம் ஆண்டு முதல் வெளியுறவு அமைச்சகத்தின் பல பிரிவுகள் குடியிருக்கும் அக்கட்டடத்தின் பத்திரிகையாளர் கூடத்தில், வெளியுறவுச் செயலரோ, அந்தப் பிராந்தியத்தைக் கவனிக்கும் மற்றொரு செயலரோ நடுநாயகமாக அமர்ந்திருப்பார். ஒரு பக்கம் செய்தித் தொடர்பாளர். மறுபக்கம், எந்த நாட்டுக்குப் பிரயாணமோ அந்த நாட்டு விவகாரங்களைப் பார்க்கும் பிரிவின் இணைச் செயலர். எந்தத் தேதியில் புறப்பாடு, எங்கே அரசு மரியாதை, யாருடன் பேச்சுவார்த்தை, எந்த நினைவிடத்தில் மலர்வளையம், அங்கு வாழும் இந்தியர்களின் கூட்டம் எந்த அரங்கில் என்பதையெல்லாம் செயலர் முதலில் ஓர் அறிக்கையாக வாசிப்பார். அதன்பின் செய்தித் தொடர்பாளர் நிருபர்களை ஒவ்வொருவராகக் கைகாட்டி அழைக்க, அவர்கள் தம் பெயரையும் பத்திரிகையின் பெயரையும் சொல்லிக் கேள்வி கேட்பார்கள். நான்கைந்து கேள்விகளைச் சேர்த்து வாங்கிக்கொண்டு மொத்தமாக விடை கூறுவதும் உண்டு; அதில் அதிகாரிகளுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. ஐந்து கேள்விகளுக்கு நான்கு விடைகள் சொன்னால், விடுபட்டது எது என்பதைக் கேட்டவர் ஒருவரைத் தவிர வேறு யாரும் கவனிப்பதில்லை.

இச்சடங்கு செய்தி அறிவிப்பதற்காக நடக்கிறது என்று எண்ணுவது பாதி உண்மைதான். அறிக்கையில் உள்ள நிகழ்ச்சி நிரலில் பெரும்பகுதி முன்பே பத்திரிகைகளில் கசிந்துவிட்டிருக்கும். கையெழுத்தாகப் போகும் உடன்படிக்கைகள் எவை என்பதோ, ‘இன்னும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது’ என்ற ஒரே விடையால் கடைசிவரை மறைக்கப்பட்டிருக்கும். அப்படியானால் அங்கே நடப்பதுதான் என்ன? ராஜதந்திர விஜயம் ஒன்று வெற்றி பெற்றதா, தோல்வியுற்றதா என்பதற்கு, பயிர் விளைச்சலுக்கோ தேர்தல் முடிவுக்கோ இருப்பதுபோல இயற்கையான அளவுகோல் எதுவும் கிடையாது. எதிர்பார்த்தது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு என்று ஒப்பிட்டே உலகம் அதை மதிப்பிடுகிறது. கிடைக்கப்போவது அந்நிய அரசின் கையிலும் சந்தர்ப்பத்தின் கையிலும் இருக்க, எதிர்பார்ப்பு மட்டுமே அதிகாரிகளின் கைக்கு எட்டும் பொருளாக இருக்கிறது. ஆகவே விஜயத்துக்கு முந்திய பத்திரிகையாளர் சந்திப்பு என்பது, விஜயம் முடிந்தபின் எந்தக் கோலால் அது அளக்கப்படப் போகிறதோ அந்தக் கோலை முன்கூட்டியே செதுக்கி வைக்கும் காரியம் என்பது என் துணிபு. அதை மிக நீளமாகச் செதுக்கினாலும் ஆபத்து, மிகக் குட்டையாகச் செதுக்கினாலும் ஆபத்து. பெரிய உடன்படிக்கை வரும் என்று சொல்லி வராமற்போனால் தோல்வி; ஒன்றும் வராது என்று சொல்லிவிட்டால், பின் எதற்காக இந்தப் பிரயாணம் என்ற கேள்வி.

இந்த இரண்டு ஆபத்துகளுக்கும் நடுவில் நடப்பதற்காகவே இத்துறையினரிடம் தலைமுறை தலைமுறையாகச் சில விடைகள் பழுத்துக் கிடக்கின்றன. பேச்சுவார்த்தையின் முடிவை முன்கூட்டியே அனுமானிக்க விரும்பவில்லை என்பது ஒன்று. பரஸ்பர அக்கறையுள்ள எல்லா விஷயங்களும் பேசப்படும் என்பது மற்றொன்று. சிக்கலான விஷயம் பேசப்படும் என்றால் எதிர்த்தரப்பு முகம் சுளிக்கும், பேசப்படாது என்றால் உள்நாட்டில் கூச்சல் எழும், ‘எல்லாம்’ என்றால் இருவரும் தத்தம் விருப்பப்படி பொருள் கொள்ளலாம். தக்க சமயத்தில் தெரிவிப்போம் என்பது மூன்றாவது. நிருபர்கள் இவ்விடைகளைக் கேட்டுச் சலித்துக்கொள்வதும், ஆயினும் அடுத்த முறையும் அதே கேள்வியைக் கேட்பதும் வழக்கம். சலிப்பூட்டும் விடையிலும் செய்தி இருக்கிறது என்பதை அனுபவசாலியான நிருபர் அறிவார்: போன முறை ‘எல்லா விஷயங்களும்’ என்றவர் இந்த முறை ஒரு விஷயத்தின் பெயரைத் தாமாகவே உச்சரித்தால், அது தற்செயல் அன்று.

இவ்வளவு எச்சரிக்கைக்குக் காரணம், கூடத்தில் இருப்பவர்கள் மட்டுமே கேட்போர் அல்லர் என்பதுதான். சாணக்கியபுரியில் உள்ள தூதரகம், செயலர் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும் மாலைக்குள் தன் தலைநகருக்கு அனுப்பிவிடும். அமைச்சகமே உரையாடல் முழுவதையும் எழுத்தில் தன் இணையதளத்தில் வெளியிட்டுவிடும். நாடாளுமன்றத்தில் ஆறு மாதம் கழித்து எழும் கேள்விக்கும் அதுவே ஆதாரமாகும். விஜயத்தின் அறிவிப்பேகூட ஒரு தலைநகரின் தனிச்சொத்து அன்று. பெரும்பாலும் இரு நாடுகளும் ஒரே நேரத்தில் வெளியிடுவதென்று பேசி நிச்சயித்த பின்பே அது வெளியாகும். யாருடைய அழைப்பின் பேரில் செல்கிறார், அது அரசு விஜயமா, உத்தியோகபூர்வ விஜயமா, வேலை நிமித்தமான விஜயமா என்பதும், விருந்தின் தரமும் பீரங்கி மரியாதையும் அதைப் பொறுத்தவையாதலால், கவனமாகப் பேசி முடிவு செய்யப்படும் விஷயமே. நிருபர்கள் என்னென்ன கேட்பார்கள் என்று முன்னதாகவே ஊகித்து, ஒவ்வொன்றுக்கும் விடையெழுதிய கோப்பு ஒன்றைப் பிராந்தியப் பிரிவினர் செயலரின் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

கோப்பில் உள்ளதைச் சொல்வது ஒரு வித்தை. கோப்பில் இல்லாததைப் பெயர் வெளிவராமல் சொல்வது வேறொரு வித்தை. இந்த இரண்டாவது வித்தை உலகெங்கும் உண்டெனினும் அதற்குச் சாஸ்திரம் வகுத்த இடம் வாஷிங்டன். இரண்டாம் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில் ‘நியூஸ்வீக்’ பத்திரிகையின் எர்னஸ்ட் லிண்ட்லி என்பவரின் பெயரால் ஒரு விதி வழக்கத்துக்கு வந்தது. அதன்படி, அதிகாரி சொன்னதை நிருபர் எழுதலாம், ஆனால் சொன்னவர் யார் என்பதையோ, யாரோ ஒருவர் சொன்னார் என்பதையேகூடவோ காட்டாமல் தம் சொந்த அறிவிலிருந்து எழுதுவதுபோல எழுதவேண்டும். அந்த விதி நாளடைவில் தளர்ந்து, ‘உயர் அதிகாரி ஒருவர்’ என்ற முகமூடியாக மாறியது. ஜனாதிபதி நிக்ஸனின் ஆலோசகராகவும் பின்னர் வெளியுறவு அமைச்சராகவும் இருந்த ஹென்றி கிஸ்ஸிஞ்சர் தம் விமானத்தில் உடன்வந்த நிருபர்களுக்கு இந்த முகமூடியை அணிந்தபடி எத்தனையோ முறை பேசினார். பேசியவர் யார் என்பது வாசகர்களுக்கும் தெரியும், அந்நிய அரசுகளுக்கும் தெரியும், ஆயினும் முகமூடி கழற்றப்படாதவரை மறுப்பதற்கு வசதி இருந்தது.

அது கழன்ற ஒரு சந்தர்ப்பம் நமக்கு மிகவும் சம்பந்தமுள்ளது. 1971 டிசம்பரில் வங்கதேசப் போர் நடந்துகொண்டிருந்தபோது, ஜனாதிபதி நிக்ஸன் பிரெஞ்சு ஜனாதிபதி பாம்பிடுவைச் சந்திக்க அட்லாண்டிக் சமுத்திரத்திலுள்ள அசோர்ஸ் தீவுகளுக்குச் சென்றிருந்தார். அடுத்த ஆண்டு மே மாதம் அவர் மாஸ்கோவுக்கு விஜயம் செய்வதாக முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. 14-ஆம் தேதி திரும்பி வரும் வழியில், விமானத்தில் உடனிருந்த சில நிருபர்களிடம் கிஸ்ஸிஞ்சர், சோவியத் யூனியன் இந்தியாவைக் கட்டுப்படுத்தாவிட்டால் மாஸ்கோ விஜயத்தையே மறுபரிசீலனை செய்ய நேரலாம் என்ற பொருளில் பேசினார். வழக்கமான நிபந்தனைதான்: பெயர் கூடாது. ஆனால் ‘வாஷிங்டன் போஸ்ட்’ பத்திரிகை, இவ்வளவு பாரதூரமான மிரட்டலைப் பெயரில்லாமல் வெளியிடுவது வாசகர்களை ஏமாற்றுவதாகும் என்று கருதி, அன்றிரவே கிஸ்ஸிஞ்சரின் பெயரைப் போட்டு அச்சிட்டது. உடனே வெள்ளை மாளிகையின் செய்தித் தொடர்பாளர் ரான் ஸீக்லர், விஜயத்தை ரத்து செய்யும் யோசனை ஏதுமில்லை என்று விளக்கம் கூற வேண்டியதாயிற்று. இரண்டு நாள் கழித்து டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. நிக்ஸன் 1972 மே 22-ஆம் தேதி மாஸ்கோவில் இறங்கினார்.

அந்த விமானப் பேச்சுக்கு ஒரு வாரம் முந்திய நிகழ்ச்சி ஒன்றும் இங்கே குறிக்கத் தகும். டிசம்பர் 7-ஆம் தேதி கிஸ்ஸிஞ்சர் வாஷிங்டனில் நிருபர்களைக் கூட்டி, நிர்வாகம் இந்தியாவுக்கு விரோதமானது என்பது தவறு என்று, பெயர் சுட்டாத நிபந்தனையிலேயே, நீண்ட விளக்கம் கொடுத்திருந்தார். செனட்டர் கோல்ட்வாட்டர், நல்லெண்ணத்தால்தான், அந்த விளக்கம் முழுவதையும் காங்கிரஸ் பதிவேட்டில் சேர்த்துவிட, முகமூடி அங்கேயே கிழிந்தது. அடுத்த மாதம் ஜாக் ஆண்டர்சன் என்ற பத்திரிகையாளர் அந்தரங்கக் கூட்டங்களின் குறிப்புகளை வெளியிட்டபோது, ஜனாதிபதி பாகிஸ்தான் பக்கம் சாய விரும்புகிறார் என்று அதே கிஸ்ஸிஞ்சர் அதிகாரிகளை வற்புறுத்தியிருந்தது அம்பலமாயிற்று. டில்லியிலிருந்த அமெரிக்கத் தூதர் கீட்டிங்கும் தம் அரசின் விளக்கம் தாம் அறிந்த உண்மைகளுடன் பொருந்தவில்லை என்று தந்தி அனுப்பியிருந்தார். பின்னணி விளக்கம் என்னும் முறையின் பலவீனம் பொய் சொல்வதில் மட்டும் இல்லை. அதைச் சொன்னவருக்குப் பொறுப்பில்லாமல் போகிறது, அதை எழுதியவர் பொறுப்பைச் சுமக்கிறார். ஒரு நிருபர் இந்தப் பேரத்துக்கு ஏன் உடன்படுகிறார் என்று கேட்டால், அடுத்த விமானத்திலும் தமக்கு இடம் வேண்டுமே என்பதைத் தவிர வேறு விடையில்லை.

டில்லியில் முகமூடி அணியாமல் பேசிய ஓர் அதிகாரி பட்ட பாட்டையும் பார்க்கவேண்டும். 1986 நவம்பரில் பெங்களூரில் நடந்த மாநாட்டில் சார்க் அமைப்பின் தலைமைப் பொறுப்பு ராஜீவ் காந்தியிடம் வந்தது. அப்போது வெளியுறவுச் செயலராக இருந்தவர் ஏ. பி. வெங்கடேஸ்வரன், தாம் நினைத்ததை மறைக்காமல் சொல்லும் சுபாவம் உடையவர் என்று பெயரெடுத்தவர். அவர் இஸ்லாமாபாத் சென்றிருந்தபோது, சார்க் தலைவர் என்ற முறையில் இந்தியப் பிரதமர் உறுப்பு நாடுகளுக்கெல்லாம் செல்வார், பாகிஸ்தானும் அவற்றுள் ஒன்று என்ற பொருள்படப் பேசினார். நிகழ்ச்சி நிரல் ஒழுங்கின்படி பார்த்தால் இதில் குற்றமில்லை. ஆனால் அந்தக் குளிர்காலத்தில், ‘பிராஸ்டாக்ஸ்’ என்ற மாபெரும் படைப் பயிற்சியின் காரணமாக இரு நாட்டுச் சேனைகளும் எல்லையில் முறைத்துக்கொண்டு நின்றன.

1987 ஜனவரி 20-ஆம் தேதி, டில்லி விஞ்ஞான பவனத்தில் ராஜீவ் காந்தி பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். பாகிஸ்தானிய நிருபர் ஒருவர், பாகிஸ்தான் விஜயத்தைப் பற்றிப் பிரதமர் இப்போது சொல்வதும் வெளியுறவுச் செயலர் சொன்னதும் முரண்படுகின்றனவே என்று கேட்டார். விரைவில் நீங்கள் ஒரு புதிய வெளியுறவுச் செயலருடன் பேசுவீர்கள் என்று பிரதமர் விடையளித்தார். அந்தச் செயலர் அதே மண்டபத்தில் அமர்ந்திருந்தார். உத்தியோகத்திலிருந்து தாம் நீக்கப்படுவதைத் தாம் வழக்கமாக எந்த நிருபர்களுக்கு விளக்கம் கொடுப்பாரோ அவர்களோடு சேர்ந்தே அவரும் கேட்டறிந்தார். அன்றே ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு வெளியேறினார், இந்திய அயலகப் பணி அதிகாரிகளின் சங்கம் தன் வருத்தத்தைத் தெரிவித்தது, கே. பி. எஸ். மேனன், அதே பெயருடைய முதல் வெளியுறவுச் செயலரின் மகன், அப்பதவிக்கு வந்தார்.

இச்சம்பவத்தைப் பிரதமரின் முன்கோபத்துக்கு உதாரணமாகச் சொல்வதே வழக்கம்; இருவருக்கும் வேறு மனஸ்தாபங்களும் இருந்தன என்பது உண்மையே. ஆனால் அதன் உள்ளே அரசாங்க இயந்திரத்தின் ஒரு நிரந்தரமான பிணக்கும் இருக்கிறது. விஜயம் நிகழும் என்று அறிவிப்பதே ஒரு சலுகை; அதைக் கொடுப்பதா, எப்போது கொடுப்பது என்பது அரசியல் தலைமையின் கையிருப்பில் உள்ள மிகச் சில நாணயங்களுள் ஒன்று. அதிகாரியின் பார்வையில் அது காலண்டரில் குறிக்கவேண்டிய தேதி மட்டுமே. தேதி ஏறத்தாழ நிச்சயம் என்று அவர் நல்ல நம்பிக்கையில் சொல்லும்போது, தலைவரின் நாணயத்தை அவர் செலவழித்துவிடுகிறார். பின்னர் நடந்ததைப் பார்த்தால் செயலர் சொன்னது முழுவதும் தவறும் அன்று: பிப்ரவரி மாதமே பாகிஸ்தான் ஜனாதிபதி ஜெனரல் ஜியா கிரிக்கெட் பார்க்க ஜெய்ப்பூர் வந்தார், 1988 டிசம்பர் இறுதியில் சார்க் மாநாட்டுக்காக ராஜீவ் இஸ்லாமாபாத் சென்று, அணுசக்தி நிலையங்களைத் தாக்குவதில்லை என்ற உடன்படிக்கைக்கு வழி செய்தார்.

அறியாமல் சொன்னதாலும் விஜயம் கெட்டுப்போவது உண்டு. 1985 ஏப்ரல் 11-ஆம் தேதி, அடுத்த மாதம் ஜெர்மனிக்குச் செல்லும் ஜனாதிபதி ரீகன் பிட்பர்க் நகரிலுள்ள ராணுவ மயானத்தில் மலர்வளையம் வைப்பார் என்று வெள்ளை மாளிகையின் செய்தித் தொடர்பாளர் லாரி ஸ்பீக்ஸ் அறிவித்தார். அங்கே புதைக்கப்பட்டிருப்பவர்கள் யார் என்று நிருபர்கள் கேட்டபோது, அமெரிக்கரும் ஜெர்மானியரும் இருப்பதாகத் தாம் கருதுவதாகச் சொன்னார். அமெரிக்கர் ஒருவர்கூட அங்கு இல்லை. சுமார் 2,000 கல்லறைகளில் 49 ஹிட்லரின் ‘எஸ்.எஸ்.’ படையினருடையவை என்பதைப் பத்திரிகைகள் விரைவிலேயே கண்டுபிடித்தன. ஏற்பாடுகளைப் பார்வையிடக் குளிர்காலத்தில் முன்னதாகவே சென்ற, ரீகனின் உதவியாளர் மைக்கேல் டீவரின் குழு பார்த்தபோது கல்லறைகளைப் பனி மூடியிருந்தது. அந்த ஒரு விடையின் பிழையைச் சரிசெய்ய முயன்று ஜனாதிபதியே பேசிய பேச்சு, இறந்த ஜெர்மானிய இளைஞர்களும் முகாம்களில் மாண்டவர்களைப் போலவே பலியானவர்கள் என்ற அளவுக்குப் போய், நிலைமையை மேலும் சீர்குலைத்தது. ஏப்ரல் 19-ஆம் தேதி வெள்ளை மாளிகையிலேயே பதக்கம் பெற வந்த, நாஜி முகாமிலிருந்து உயிர்தப்பிய எழுத்தாளர் எலி வீஸல், காமிராக்களின் முன்னிலையில் ஜனாதிபதியைப் போகவேண்டாமென்று கேட்டுக்கொண்டார். முடிவில் பெர்கன்-பெல்சன் முகாமும் நிரலில் சேர்க்கப்பட்டு, மயானத்தில் சில நிமிடங்களே செலவிடப்பட்டன. கேட்கப்பட்ட கேள்வி மிகச் சாதாரணமானது. முன்னேற்பாட்டுக் கோப்பில் அது இல்லை.

தமிழ் வாசகர்களுக்கு இவ்விஷயம் வேறொரு வகையில் நெருங்கியது. பிரதமர் கொழும்புக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் டில்லிக் கூடத்தில் எழும் கேள்விகள் ஏறக்குறைய முன்கூட்டியே நிர்ணயமானவை: மீனவர், கச்சத்தீவு, பதின்மூன்றாவது திருத்தம். மாலையில் இவ்விடைகள் ராமேசுவரத்திலும் யாழ்ப்பாணத்திலும் ஒரே சமயத்தில் படிக்கப்படும் என்பது அதிகாரிக்குத் தெரியும். மேடையில் இருக்கும் ஒரே விடை இரண்டு கரைகளுக்கும் பொருந்தவேண்டும். மீனவர் பிரச்சினையை மனிதாபிமான நோக்கிலும் வாழ்வாதார நோக்கிலும் அணுகவேண்டும் என்ற வாசகம், எத்தனை அரசுகள் மாறியபோதிலும் மாறாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

நிகழாத விஜயமும் விளக்கம் கோரும் என்பதை 2013-ஆம் ஆண்டு காட்டிற்று. காமன்வெல்த் தலைவர்கள் மாநாடு நவம்பர் 15 முதல் 17 வரை கொழும்பில் கூட இருந்தது. மன்மோகன் சிங் போகலாகாது என்று தமிழகத்தில் எல்லாக் கட்சிகளும் குரல் எழுப்பின. அக்டோபர் 24-ஆம் தேதி சட்டமன்றம் இந்தியா அம்மாநாட்டைப் புறக்கணிக்கவேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. மத்திய அமைச்சரவையில் இருந்த தமிழக அமைச்சர்களிடையேயும் எதிர்ப்பு இருந்தது. அந்த வாரங்களில் வெளியுறவு அமைச்சகத்தின் செய்தித் தொடர்பாளராக இருந்த சையத் அக்பருதீன், பிரதமர் போகிறாரா என்ற ஒரே கேள்விக்கு, இன்னும் முடிவு செய்யப்படவில்லை என்ற ஒரே விடையைத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது. வெளியில் இருப்பவர்களுக்கு அது மழுப்பலாகத் தோன்றியிருக்கும். உண்மையில், முடிவு செய்ய வேண்டியவர்கள் செய்யாதிருக்கும் காலத்தை மரியாதையாகக் கடத்திக்கொடுப்பதும் இந்த உத்தியோகத்தின் கடமைகளுள் ஒன்று. கடைசியில் தாம் வரவில்லை என்று இலங்கை ஜனாதிபதி ராஜபக்சவுக்குப் பிரதமர் கடிதம் எழுத, வெளியுறவு அமைச்சர் சல்மான் குர்ஷித் அவருக்குப் பதிலாகச் சென்றார். புறக்கணிப்பு என்று தமிழகத்துக்கும், பிரதிநிதித்துவம் என்று கொழும்புக்கும் சொல்லக்கூடிய நடுவழி அது. இரு தரப்பும் அதை அப்படி ஏற்கவில்லை என்பது வேறு கதை.

விளக்கம் தரும் அதிகாரி ஒருவர் எவ்வளவு ஜாக்கிரதையாகக் களத்தைப் பண்படுத்தினாலும், அக்கரையிலிருந்து வரும் ஒரு பேட்டி அதைக் கலைத்துவிடும். 2015 மார்ச் 13, 14 தேதிகளில் நரேந்திர மோடி இலங்கை செல்வதென்று ஏற்பாடு. ராஜீவ் காந்தி 1987-இல் சென்றபின் இந்தியப் பிரதமர் ஒருவர் இருதரப்பு விஜயமாக அங்கு போவது அதுவே முதல் முறை. யாழ்ப்பாணமும் நிரலில் இருந்தது. புதிய அரசு வந்திருக்கிறது, புதிய அத்தியாயம் என்ற ராகத்தில் டில்லி பேசிக்கொண்டிருந்தது. மார்ச் முதல் வாரத்தில் முன்னேற்பாடுகளுக்காக வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜ் கொழும்பில் இருக்கும்போதே, இலங்கைப் பிரதமர் ரணில் விக்கிரமசிங்க ‘தந்தி’ தொலைக்காட்சிக்கு அளித்த பேட்டி சென்னையில் ஒளிபரப்பாயிற்று. தம் வீட்டுக்குள் அத்துமீறி நுழைபவரைச் சுடச் சட்டம் இடந்தருகிறது என்று எல்லை தாண்டும் மீனவர்களைக் குறித்து அதில் அவர் சொன்ன கருத்து, விஜயத்தைப் பற்றித் தமிழகத்தில் எழுதப்பட்ட எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றி எழுதிற்று. சுஷ்மா அவரிடமே அதைப் பிரஸ்தாபித்தார் என்று அறிவிக்கவேண்டிய நிர்ப்பந்தம் டில்லிக்கு நேர்ந்தது. டில்லிக் கூடத்தில் ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் கட்டப்படும் எதிர்பார்ப்பு, ஒரு தமிழ்த் தொலைக்காட்சியின் முன் நிலைகுலைந்ததை, தலைநகர நிருபர்களை மட்டுமே மனத்தில் வைத்து விடைக்கோப்பு தயாரிப்பவர்கள் யோசித்துப் பார்க்கலாம்.

விஜயம் செய்பவரின் அதிகாரிகள் வாய்திறக்காத இடத்தை வேறு யாராவது நிரப்பிவிடுவார்கள். 2010 நவம்பரில் ஒபாமா மும்பைக்கு வரும் முன், மகாராஷ்டிர அதிகாரி ஒருவர் சொன்னதாக, பெயரில்லாமல், ஒரு செய்தி நிறுவனம் அனுப்பிய தகவலில், அந்த விஜயத்துக்கு ஒரு நாளைக்கு 20 கோடி டாலர் செலவாகும் என்று இருந்தது. 34 போர்க் கப்பல்கள் வருகின்றன என்ற கதையும் அதனுடன் சேர்ந்துகொண்டது. நவம்பர் 3-ஆம் தேதி மிஷேல் பாக்மன் என்ற காங்கிரஸ் உறுப்பினர் அதை அமெரிக்கத் தொலைக்காட்சியில் உண்மையாகவே எடுத்துக்காட்டினார். வெள்ளை மாளிகையின் சங்கடம், பாதுகாப்பு காரணமாக உண்மையான தொகையைச் சொல்ல முடியாது என்பது. பொய்யை மறுக்கலாம், அதன் இடத்தில் வைக்க மெய் ஒன்று இல்லை. கப்பற்படையில் பத்தில் ஒரு பங்கை அனுப்புகிறோம் என்பது அபத்தம் என்று பென்டகன் தொடர்பாளர் மறுத்த பின்னும் கதை ஓடிக்கொண்டிருந்தது. அதே நாட்களில், காந்தியடிகள் தங்கியிருந்த மணி பவனத்தைச் சுற்றியுள்ள தென்னை மரங்களிலிருந்து, ஜனாதிபதியின் தலையில் விழுந்துவிடக் கூடாதென்று, தேங்காய்களைப் பறித்துவிட்டார்கள் என்றும் ஒரு செய்தி வந்தது. நம்பத் தகாததுபோலத் தோன்றிய இந்தச் செய்திதான் மெய்யாக இருந்தது.

விமானத்தில் யாருக்கு இடம் என்பது இந்த அமைப்பின் மற்றொரு கைப்பிடி. வாஜ்பாயி, மன்மோகன் சிங் காலங்களில் பிரதமரின் ஏர் இந்தியா விமானத்தில் தனியார் பத்திரிகைகளின் நிருபர்களுக்கும் இலவச இடம் உண்டு. தங்கும் செலவு அவரவர் நிறுவனத்தினுடையது. திரும்பி வரும் வழியில் பிரதமர் அவர்களிடையே வந்து கேள்விகளுக்கு விடையளிப்பார். உள்நாட்டு அரசியல் நெருக்கடி ஏதாவது இருந்தால் விஜயம் முழுவதும் அந்த விமானக் கேள்விகளில் மூழ்கிப்போவதும் உண்டு. 2014-இல் மோடி பதவியேற்றதும் இவ்வழக்கம் சுருங்கி, தூர்தர்ஷன், வானொலி, ஓரிரு செய்தி நிறுவனங்கள் என்ற அளவோடு நின்றது. அரசின் செலவில் பறக்கும் நிருபர் அரசைப் பற்றிக் கூசாமல் எழுதுவாரா என்ற ஆட்சேபணை நியாயமானது. ஆனால் அந்தச் சலுகையோடு சேர்ந்து கேள்வியும் போய்விட்டது. விளைவாக, புறப்படும் முன் செயலர் கொடுக்கும் விளக்கமும், புறப்படும் காலையில் பிரதமர் பெயரால் வெளியாகும் எழுத்து வடிவ அறிக்கையும் முன்னிலும் அதிக கனத்தைப் பெற்றன. கேட்கக்கூடிய ஆசாமி அதிகாரி ஒருவரே என்றாகிவிட்டபோது, அவரிடம் அரசியல் கேள்விகளும் வந்து சேருகின்றன. விடையளிக்க அவருக்கு அதிகாரமில்லை, மௌனமாக இருக்க அவருக்கு வழியில்லை.

இரு நாட்டு வழக்கங்களும் மோதிய சமயம் 2023-ஆம் ஆண்டு. ஜூன் மாதம் மோடி வாஷிங்டனுக்கு அரசு விஜயமாகச் சென்றபோது, தலைவர்கள் இருவரும் நிருபர்களின் கேள்விகளை ஏற்பார்கள் என்று வெள்ளை மாளிகையின் ஜான் கிர்பி முதல் நாள் அறிவித்தார். அறிவித்ததோடு நில்லாமல் அதற்காக நன்றியும் தெரிவித்தார். ஒப்புக்கொள்ளப்பட்டவை அமெரிக்க நிருபர் ஒருவரின் கேள்வியும் இந்திய நிருபர் ஒருவரின் கேள்வியும், ஆக இரண்டு. இரண்டு கேள்விக்கு எத்தனை நாள் பேச்சு நடந்திருக்கும் என்பதை அந்த நன்றியிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம். செப்டம்பரில் ஜி-20 மாநாட்டுக்காக பைடன் டில்லி வந்தபோது நிலைமை தலைகீழாயிற்று. உடன்வரும் நிருபர்கள் இரு தலைவர்களின் சந்திப்பைக் காண அனுமதி உண்டா என்று விமானத்திலேயே கேட்டார்கள். இது வழக்கமான இருதரப்பு விஜயம் அன்று, சந்திப்பு பிரதமரின் இல்லத்தில் நடக்கிறது, அவரே விருந்தளிப்பவராதலால் ஏற்பாடுகளும் அவருடையவை என்ற பொருளில் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஜேக் சல்லிவன் விடை சொன்னார். செப்டம்பர் 8-ஆம் தேதி சந்திப்பு நடந்தது. நிருபர்கள் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. மனித உரிமைகளையும் பத்திரிகைச் சுதந்திரத்தையும் பற்றி மோடியிடம் தாம் பேசியதாக, இரண்டு நாள் கழித்து வியட்நாமின் ஹனோய் நகரில் நடத்திய பத்திரிகையாளர் கூட்டத்தில் பைடன் சொன்னார்.